காற்று வராத அறை

"கையை மவுஸ்லேர்ந்து எடுங்க, ரமாபாய். முதல்ல திரையைப் பாருங்க."

மகிழினி மேடத்தின் குரல் கேட்டதும் ரமாபாய் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திருவொற்றியூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு மெடிக்கல் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். கட்டடத்தைக் கம்ப்யூட்டரிலேயே முழுசாகக் கட்டிக் காட்டும் மென்பொருளை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சுவர், தூண், தண்ணீர்க் குழாய், ஏ.சி. காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட், எல்லாம் அதில் உண்டு. வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தவள் ரமாபாய். போன தேர்வில் டக்ட்டில்தான் கோட்டைவிட்டாள். இன்றைக்கு மறுதேர்வு. தேறினால் கிண்டியில் வேலை.

"இந்த டக்ட்டுல காத்து போகுதா?" என்று கேட்டார் மேடம்.

"போவும் மேடம். ஒட்டிகினுதானே கீது."

"ஒட்டின மாதிரி தெரியுது. நிஜமா ஒட்டியிருக்கான்னு பார்த்தீங்களா?"

ரமாபாய் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. இப்பவும் இதையே சொல்லணுமா? கவனமெல்லாம் எங்க போகுது உங்களுக்கு?"

மேடம் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் ஹெப்சிபா குனிந்து, "இன்னாக்கா, உன்ன மட்டும் இந்தக் காய்ச்சு காய்ச்சுது? உம்மேல அதுக்கு இன்னா காண்டு?" என்றாள்.

"எனக்கு இன்னாடி தெரியும்? யாரு மேல கோவமோ, எந்தலையில வுடியுது" என்று முணுமுணுத்தாள் ரமாபாய்.

தேர்வு நடத்த சுயம்பு சார் வந்தார். வேலை கொடுக்கப்போகும் கம்பெனியின் ஆள். அவரைப் பார்த்ததும் மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நீங்க இருங்களேன் மேடம், உங்க மாணவிங்கதானே?"

"வேணாம் சார். நான் வெளியவே இருக்கேன்."

"பாத்தியா, நாம எழுதறத நின்னு பாக்கக்கூட அதுக்கு மனசு வரல" என்றாள் ஹெப்சிபா.

ஒவ்வொருவருக்கும் கோளாறுள்ள ஒரு கட்டடம். சுயம்பு சார் ரமாபாயின் திரையைக் காட்டினார். "இது பிரசவ ஆஸ்பத்திரிம்மா. அந்தக் கடைசி அறையிலதான் பச்சைக் குழந்தைங்களை வைப்பாங்க. அங்க மட்டும் காத்து வரல. ஏன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணுங்க."

கடைசி அறையின் காற்றளவு பூஜ்யம் என்று காட்டியது. பெரிய டக்ட்டிலிருந்து பிரியும் கிளை, பார்வைக்கு நன்றாகத்தான் சேர்ந்திருந்தது. ரமாபாய் அதைப் பிரித்து, இழுத்து, மறுபடி சேர்த்தாள். பூஜ்யம். இன்னொரு தடவை செய்தாள். அப்போதும் பூஜ்யம்.

ஹெப்சிபா முடித்துவிட்டு எழுந்தே போய்விட்டாள். கதவின் கண்ணாடி வழியே, வெளியே மேடம் நகம் கடித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது.

ரமாபாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நேரம் மேலேயிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று உறைத்தது. கட்டடத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தாள். கிளை, பெரிய டக்ட்டைத் தொடவே இல்லை! ஒரு விரற்கடை உயரத்தில், அதற்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

"அடச்சீ, இதான் சங்கதியா?"

உயரத்தைச் சரிசெய்து இழுத்தாள். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. ஆனாலும் பூஜ்யம் போகவில்லை. அறையின் கூரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் எச்சரித்தது. அதைத் தட்டிப் பார்த்தாள். அங்கே வைத்திருந்த காற்றுத் துவாரம், காற்றை அறைக்குள் விடுவதற்கானது அல்ல. அறையிலிருந்து திரும்ப இழுப்பதற்கானது. எப்படிச் சேரும்? அதை எடுத்துவிட்டுச் சரியானதை வைத்து, டக்ட்டோடு இணைத்தாள்.

மஞ்சள் முக்கோணம் மறைந்தது. பூஜ்யம் இருந்த இடத்தில் எண்கள் வந்தன.

"வந்துட்ச்சு சார்! காத்து வந்துட்ச்சு!" தேர்வு என்பதையே மறந்து எழுந்து நின்று கத்தினாள்.

சுயம்பு சார் கட்டடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒவ்வோர் இணைப்பையும் தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுறீங்களாம்மா?"

வகுப்பே கைதட்டியது. வெளியே போயிருந்த ஹெப்சிபா ஓடிவந்து ரமாபாயைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மேடம் கதவருகே வந்து நின்றார். "வாழ்த்துகள், ரமாபாய்." அவ்வளவுதான். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

"சிரிச்சா முத்து உதுந்துடுமா அதுக்கு?" என்று பொருமினாள் ஹெப்சிபா.

"வுடுடி. நான் பாத்துக்கறேன்" என்று கீழே இறங்கினாள் ரமாபாய்.

மெடிக்கல் கடைக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார் மேடம். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ரமாபாய் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"எம்மா..." என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள் மகிழினி. "எங்கம்மா பாஸுன்னு ஊரக் கூட்டிக் கத்தணும் போல கீதும்மா!"

"கத்து! பொண்ணு டீச்சரு, அதான் பாஸுன்னு இனிமே எவன் சொல்லுவான்?" என்று சிரித்துக்கொண்டே மகளின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டாள் ரமாபாய்.