பதினேழாவது லெவல்

“பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன்தான். தோப்பு இருக்கிற களை மூஞ்சியிலேயே தெரியுது. உன் பொண்ணைப் பாக்க வந்திருக்கான், எழுதி வச்சுக்க” என்றாள் பக்கத்து வீட்டுத் தனபாக்கியம்.

அம்சம் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. குத்தகைக்கு எடுத்த ஆறு மா நிலத்தில் விளைந்த குறுவை நெல் மொத்தமும் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவிந்து கிடந்தது. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். நேற்று நிலையத்து ஆள் குவியலின் அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மிஷினில் போட்டார். பதினெட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்று மேலே இருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வருகிறாராம். அவரும் கையை விரித்துவிட்டால், வேளாங்கண்ணிப் பக்கம் கறுத்துக்கொண்டிருக்கிற மேகம் சாயங்காலத்துக்குள் வந்து மொத்த நெல்லையும் முளைக்க வைத்துவிடும்.

மகள் பூமிகாவோ தார்ப்பாயின் ஓரத்தில் கேம் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையால் பிடிக்கிற அளவு பெட்டி. நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக அவள் தனியாளாக ஒரு கேம் செய்துகொண்டிருப்பது தெருவுக்கே தெரியும். தெரியப்படுத்தியது தனபாக்கியம். அந்தக் காலத்து வீடியோ கேம் மாதிரி அதில் எல்லாமே குட்டிக் குட்டிச் சதுரம். ஆளும் சதுரம், மாடும் சதுரம், வெட்டாறும் சதுரம். “இவ்வளவு படிச்சும் ஒழுங்கா ஒரு வட்டம் போட வரலை பாரு” என்று நாலு வீட்டில் சொல்லியாயிற்று. மொத்தம் பதினாறு லெவல், பொங்கலுக்கு வெளிவரப்போகிறது, அதன் டிரெய்லரை இதுவரை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தனபாக்கியத்துக்கு மனப்பாடம். குறை சொல்வதற்கும் விவரம் வேண்டுமே.

அந்த இளைஞன் ஒன்பது மணிக்கு பைக்கில் வந்தான். களத்தில் நாலைந்து பேரிடம் விசாரித்து நேராக பூமிகாவிடம் போனான். முன்பே பழகியவன் மாதிரி, “எங்கே, குடுங்க” என்று கையை நீட்டினான். அவளும் கொடுத்துவிட்டாள். தூசிகூடத் தட்டாமல் சாக்கின் மேல் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தான். இதற்கு மேல் தனபாக்கியத்துக்கு என்ன வேண்டும்? பக்கத்தில் போய்ப் பெயர் கேட்டாள். அறிவுமதி என்றான். என்ன வேலை என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஊர் ஊரா சுத்துற வேலைங்க” என்றான். தேங்காய் வியாபாரம் என்று முடிவாயிற்று.

பத்து மணிக்கு அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. திரையில் ஒரு சதுர விவசாயி நெல் மூட்டையைத் தள்ளிக்கொண்டு ஓடினான். பின்னால் மழை துரத்தியது. வாய்க்கால் குறுக்கிட்டது, வரப்பு உடைந்தது, எருமை ஒன்று பாதையிலேயே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. எருமை எழுந்தபோது களமே கைதட்டியது. மூட்டை தூக்குகிற பஞ்சநாதன் முதுகுச் சுமையை இறக்காமலே, “தம்பி, மொதல்ல மதகை மூடுங்க, தண்ணி வருது பாருங்க” என்று வழிகாட்டினார். தனபாக்கியம் ஒவ்வொரு லெவலையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே, மாப்பிள்ளைக்கு டீ சொல்லியனுப்பினாள். பூமிகா சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி என்றும் நடுவே ஒரு வார்த்தை போட்டுவைத்தாள். அம்சம்கூட வானத்தை விட்டுவிட்டு ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

பதினோரு மணிக்கு விவசாயி கொள்முதல் நிலையத்துக்கே வந்து சேர்ந்துவிட்டான். அங்கே ஒரு சதுர அதிகாரி குவியலின் அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மிஷினில் போட்டார். பதினெட்டு. திரும்பக் காயவைத்துக் கொண்டுவந்தான். அதே இடம், அதே பிடி, அதே பதினெட்டு. மூன்றாவது தடவை மழை வந்துவிட்டது. நெல் முழுக்கப் பச்சைச் சதுரமாக முளைத்தது.

அறிவுமதி துள்ளி எழுந்தான்.

“என்னங்க அநியாயம் இது? அடியில ஒரு பிடி எடுத்தா ஈரமாத்தான் காட்டும். நாலு பக்கமும், மேலயும் எடுத்துக் கலந்துல்ல பாக்கணும். அதுதானே முறை?”

“அப்படிங்களா?” என்றாள் பூமிகா. “இன்னொரு தடவை சொல்லுங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை.”

அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு ஜீப் களத்துக்குள் நுழைந்தது. டிரைவர் ஒரு பெட்டியோடு இறங்கி அவனிடம் ஓடிவந்தார்.

“சார், ஈரம் பாக்குற மிஷின் கொண்டாந்துட்டேன். எந்தக் குவியல்லேருந்து ஆரம்பிக்கலாம்?”

தட்டிய கைகள் தட்டிய வாக்கிலேயே நின்றன. அதிகாரி அறிவுமதி தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். அம்சத்தின் குவியலைப் பார்த்தார். தான் சொன்ன முறையைக் கேட்ட இருபது முகங்களையும் பார்த்தார். பிறகு கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய், நாலு பக்கமும் மேலேயும் தன் கையாலேயே நெல் எடுத்துக் கலந்து மிஷினில் போட்டார்.

பதினாறு புள்ளி ஏழு.

அம்சம் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எடை போட ஆள் வந்தது. மாப்பிள்ளை கைநழுவிப் போன வருத்தத்திலும் தனபாக்கியம் கணக்கை விடவில்லை. பூமிகாவிடம் வந்து, “ஏன்டி, பதினாறு லெவல்னுதானே சொன்னே? நான் எண்ணிக்கிட்டே வந்தேன், கடைசியா வந்தது பதினேழாவது” என்றாள்.

“பதினாறுதான் பெரியம்மா. டிரெய்லருக்குக் கீழ இவரு, ‘நாளைக்கு உங்க ஊருக்கு நெல்லு பாக்க வர்றேன், கேமை ஆடிப் பாக்கத் தருவீங்களா’ன்னு நேத்துதான் எழுதியிருந்தாரு” என்றாள் பூமிகா, பதினேழாவது லெவலைப் பெட்டியிலிருந்து அழித்துக்கொண்டே.