ஒப்புக்குச் சப்பாணி

கண்ணாமூச்சியில் ரூபன் எங்கே ஒளிந்தாலும் மாட்டிக்கொள்வான். மூச்சிரைக்கும் முன்பே, இளைப்பு நோய்க்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு மையம் அவன் கையில் கட்டிவிட்ட பட்டை, "ரூபன், உட்காருங்கள்!" என்று கத்திவிடும். அதனால் தெருப்பிள்ளைகள் அவனை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிட்டார்கள். கூட ஓடலாம், பிடிபட்டாலும் கணக்கில்லை.

அன்று அந்த ஆய்வு மைய டாக்டர் அம்மாவின் கைபேசித் திரையில் வந்தார்.

"உங்க பையனுக்குக் குடுத்தது மருந்தில்லம்மா, வெறும் மாவு மாத்திரை. ஒப்பிட்டுப் பாக்கச் சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான் குடுப்போம்."

"அப்ப பட்டையைக் கழட்டிடுங்க சார்," என்றாள் அம்மா பிரிஸ்கா.

"நடுவுல விலகினா, கடைசியில தர்ற நிஜ மருந்தும் கிடைக்காதும்மா."

ரூபன் பிரிஸ்காவின் முந்தானையை இழுத்தான்.

"அம்மா, அங்கயும் நான் ஒப்புக்குச் சப்பாணியா?"

அவன் உதடு பிதுங்கியது. அழுவதற்குள் பட்டை கத்தியது:

"ரூபன், உட்காருங்கள்!"