நடந்தால் திறக்கும் சுவர்

பேராசிரியர் நிரஞ்சனா கட்டிய நகரத்தில், ஆள் நடக்காத தெருவைச் சுவர் தானாக எழும்பி அடைத்துவிடும். யார் நடந்தார் என்பதை அவரவர் மணிக்கட்டில் கட்டிய பட்டைதான் அதற்குச் சொல்லும். சிமெண்ட் படுமென்று நாங்கள் பட்டையை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டே கட்டட வேலைக்குப் போவோம். அதனால் இன்று எங்கள் தெருவின் இரு முனையிலும் சுவர்.

மனைவி பச்சையம்மாளுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. சுவரில் எழுதியிருந்த பேராசிரியரின் எண்ணுக்குப் போன் போட்டேன்.

"திறக்கச் சொல்லுங்கம்மா, உசுரு போவுது."

"நான் திறக்க முடியாதுப்பா, தரவுதான் திறக்கணும். ஆளுங்க நடந்தா அதுவே வழி விடும்."

தெருவே பட்டையைக் கட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தது. சுவர் அசையவில்லை.

பச்சையம்மாள் என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"ஒரு ஆளு குறையுதோ என்னமோ. என் பட்டையையும் எடுய்யா."