பச்சை நூல் தைத்த கோணி

நாகேஷ் வீட்டுத் தோட்டத்தில் விருந்தாளிகள் குளிர்காய ஓர் இரும்புச் சட்டி உண்டு. போன டிசம்பரில் வாட்ச்மேன் கிறிஸ்டோபர் அதில் கரி மூட்டி, கேட் அருகே வைத்திருந்தார்.

"பொகை பெட்ரூமுக்கு வருது. உன் ரூமுக்குள்ள எடுத்துனு போ. கதவு சந்துல கோணி வெச்சி அடைச்சிக்கோ," என்றான் நாகேஷ்.

"மூடின எடத்துல கரி ஆவாது சார். எங்கப்பா கோலார் மைன்ல இருந்தவரு, சொல்லுவாரு."

"வேலை வேணுமா, வேணாவா?"

காலையில் கிறிஸ்டோபர் உயிரோடில்லை. கதவைத் தள்ளித் திறந்தது அவர் மனைவி ரோஸலின். அவள் அந்த வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாள்.

இந்த டிசம்பரில் நாகேஷ் மறுபடி சட்டியில் நெருப்பு மூட்டினான். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றித் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. மறுநாள் காலை சட்டி வராந்தாவில் கனன்றுகொண்டிருந்தது. அடுத்த நாள் ஹாலில். அதற்கடுத்த நாள் மாடிப்படியில்.

"நீதானே வெச்சே?" என்று ரோஸலினிடம் கேட்டான்.

"நான் ஏழு மணிக்குத்தான் சார் வரேன்."

நேற்று அதைக் கொய்யா மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டினான்.

இன்று ஏழு மணிக்கு ரோஸலின் வந்தபோது சங்கிலி பூட்டியபடியே கிடந்தது. சட்டி இல்லை. மாடிக்குப் போனாள். பெட்ரூம் கதவு சாத்தியிருந்தது. அடியில், உள்ளேயிருந்து திணித்த கோணியின் மூலை தெரிந்தது. அதில் அவள் தைத்த பச்சை நூல். கிறிஸ்டோபர் கதவுச் சந்தில் அடைத்திருந்த அந்தக் கோணியைப் போன வருடமே அவள் எரித்துவிட்டாள்.

அவள் கதவைத் தட்டவில்லை. கீழே போய், பாத்திரங்களை ஒவ்வொன்றாக, நிதானமாகத் தேய்த்தாள்.