ஆறுவிரல் வீட்டுப் பார்

கண்காட்சியில் கண்ணாடிக்குள் இருந்த பழைய கடல் வரைபடத்தைக் கயித்தான் குனிந்து பார்த்தார். கடலுக்கடியில் மீன் அடையும் அவர்களுடைய பாறை, அந்தப் 'பார்', அதில் புள்ளி வைத்துக் குறிக்கப்பட்டிருந்தது. ஆறுவிரல் வீட்டு ஆண்கள், முப்பாட்டன் காலந்தொட்டு, கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லாத இடம் அது. அங்கே ஒருநாள் அயலூர்ப் படகுகள் நின்றதைக் கண்டுதான், தம்பி தொம்மை அந்த ஊர்க்காரரான தன் மாமனாருக்குச் சொல்லிவிட்டான் என்று கயித்தான் ஊரைக் கூட்டினார். முப்பாட்டன் மேல் சத்தியம் செய்து தம்பியை ஒதுக்கிவைத்தார். தொம்மை வெளியூரிலேயே செத்தும் போனான்.

அவரை இங்கே கூட்டிவந்தவள் தொம்மையின் மகள் பிரகாசி.

"இந்த இடத்தத்தான எங்கப்பா காட்டிக் குடுத்தாருன்னிய, பெரியப்பா?"

கயித்தான் இன்னும் குனிந்தார். வரைபடத்தின் மூலையில், முப்பாட்டன் காலத்து வருஷத்துக்குக் கீழே, ஒரு படம் வரைந்திருந்தது. தொப்பி வைத்த வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவன் நின்று, அந்தப் புள்ளியை நோக்கிக் கையை விரித்து நீட்டிக்கொண்டிருந்தான். பெருவிரலை ஒட்டி இன்னொரு சின்ன விரல் துருத்திக்கொண்டிருந்தது.

வரைந்தவன் அதைக்கூட விடவில்லை.

கயித்தானின் ஆறு விரல் கொண்ட வலக்கை தானாகவே வேட்டி மடிப்புக்குள் போனது.

"வெளிய எடுங்க பெரியப்பா," என்றாள் பிரகாசி. "கண்ணாடி மேல வைங்க."