வடக்கே போகும் விரிசல்

குவாரி மேஸ்திரி கடப்பாரையை ஓங்கி இறக்குகிறான். குழிக்குள் புதைத்திருக்கும் நில அதிர்வுமானியின் மூடி பிளந்து சில்லுகள் தெறிக்கின்றன. ஆய்வு செய்ய வந்தவள் அதன்மேல் குப்புற விழுந்து மறைக்கிறாள். சில்லு கிழித்த நெற்றியிலிருந்து ரத்தம் மண்ணில் சொட்டுகிறது. பக்கத்தில் மடிக்கணினித் திரை வெயிலில் மின்னுகிறது. அதில் அதிர்வலைகள் வடக்கு தெற்காக விரைந்தும், குறுக்கே தயங்கியும் ஓடுகின்றன. விரிசல் ஓடும் திசையில்தான் அலை விரையும்; அப்படியானால் பாறையின் விரிசல்கள் எல்லாம் குவாரியிலிருந்து வடக்கே, ஊர் வீடுகளுக்கு அடியில் நீள்கின்றன. “குவாரிய மூட வெச்சு எங்க வயித்துல அடிக்கப் பாக்குறியா? எந்திரிடி!” “அடிங்கண்ணே. ஆனா இன்னும் வெடி வெச்சா பாறை அந்தப் பக்கமாத்தான் பிளக்கும். உங்க வீடும் அங்கதான இருக்கு?” கடப்பாரை அந்தரத்தில் நிற்கிறது. மேஸ்திரி வடக்கே திரும்பிப் பார்க்கிறான். வீட்டு வாசல் கொடியில் அவன் மகளின் பள்ளிச் சீருடை காற்றில் படபடக்கிறது. பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, கருவியை மூடியிருக்கும் அவள் விரல்களின் மேலேயே கடப்பாரையை இறக்குகிறான்.