ஒரே ஒரு குட்டி

"அண்ணே, உங்க நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்கண்ணே."

வேலிக்கு அந்தப் பக்கம் மண்ணாங்கட்டி நின்றான். மூன்று நாளில் இது மூன்றாவது தடவை. மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த கோதண்டபாணி கையை நிறுத்தாமலே நிமிர்ந்தார்.

"இன்னாடா, திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? என் நாய் உன் ஊட்டை இன்னா பண்ணிச்சி?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. உள்ளே அம்சா படுத்துக்கினு இருக்கா."

கோதண்டபாணிக்கு மெதுவாகப் பேச வராது. அவர் வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். காலையில் அவர் காதில் விழுந்த சேதி பொழுது சாய்வதற்குள் திண்டிவனம் சந்தைக்குப் போய்விடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

"சரி, மெதுவாவே கேக்கறேன்," என்று அதே குரலில் கேட்டார். "அம்சாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விடலைண்ணே. அவ காதுலே கெட்ட சேதி எதுவும் விழவே கூடாது, மனசு ஒடிஞ்சா ஆளு தங்காதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு."

அம்சாவுக்குப் பெண் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தாய்க்குப் பால் இல்லை என்று குழந்தையைக் கோலியனூரில் அவள் அக்காள் வீட்டில் விட்டிருப்பதாகத் தெருவில் பேச்சு.

"கொழந்தை எப்பிடி இருக்குதாம்?"

"அழுவறதே இல்லைண்ணே," என்றான் மண்ணாங்கட்டி. உடனே பேச்சை மாற்றினான். "நாயைச் சொல்லிக்கினு இருந்தேன். கொல்லையிலே வந்து மோந்து மோந்து பாக்குது. மண்ணைப் பறிக்குது. எனக்கு இருக்கறது ஒரே ஒரு குட்டிண்ணே."

கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. போன ஆடி மாதம் அவருடைய நாய் மண்ணாங்கட்டியின் வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைக் கடித்துக் குதறியது உண்மை. "நரி புடிச்சிக்கினு போனதுக்கு என் நாய் மேலே பழியா?" என்று அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் மண்ணாங்கட்டி வாய் பேசாமல் திரும்பிப் போய்விட்டான்.

அந்த நாய்க்குப் பெயர் ஜப்பான். ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராசிலிருந்து சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவந்த வருஷம் வீட்டுக்கு வந்தது. பெயருக்கு ஏற்ற மாதிரி அதற்கு எல்லை என்பதே கிடையாது.

"நாய்னா நாலு எடம் திரியத்தான் செய்யும். நீ உன் பொருளைப் பத்திரமா வெச்சிக்கோ."

"கருவமுள்ளு மூணு கட்டு வெட்டியாந்து சுத்திப் போட்டிருக்கேண்ணே. அப்பவும் பூந்து வரப் பாக்குது."

"முள்ளு பத்தலைன்னா பெரிய கல்லா ரெண்டு தூக்கி வெய்."

மண்ணாங்கட்டியின் முகம் மாறியது.

"குட்டி மேலே கல்லை வைக்கச் சொல்றீங்களாண்ணே?"

"அட மடையா! முள்ளு மேலே வெய்டா!" கோதண்டபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். "உனக்கு முன்னே பொறந்த மூணும் தங்கலைன்னு, நீயாவது தங்கணும்னு உங்கம்மா மண்ணாங்கட்டின்னு பேர் வெச்சா. நீ மண்டையிலேயும் அதையே வெச்சிக்கினு திரியறியே!"

மண்ணாங்கட்டி சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை அவிழ்த்து வேலிக்கு மேலாக நீட்டினான். புதிதாகத் திரித்த கயிறு.

"நானே திரிச்சேண்ணே. ஒரு மாசம் கட்டி வைங்க, போதும். அதுக்கப்புறம் அவுத்து உட்டுடுங்க."

"ஒரு மாசத்திலே உன் குட்டிக்குக் கொம்பு மொளைச்சிடுமா?"

அவன் கயிற்றை வேலிக்கம்பில் மாட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

மறுநாள் உச்சிவேளை. காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு மண்ணாங்கட்டி மருந்து வாங்கக் கிளம்பிப் போவதைக் கோதண்டபாணி பார்த்தார். சற்று நேரத்தில் அவன் கொல்லைப் பக்கமிருந்து ஜப்பானின் உறுமல் கேட்டது.

'இன்னொரு குட்டியும் போச்சின்னா ஊர்லே தலைகாட்ட முடியாது' என்று வேலியில் மாட்டியிருந்த கயிற்றை உருவிக்கொண்டு ஓடினார்.

மண்ணாங்கட்டி வீட்டு வாசலில், முருங்கை மரத்தடியில், அவனுடைய நாலு வெள்ளாடுகளும் கட்டியிருந்தன. கறுப்புக் குட்டி ஒன்று தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

'குட்டி இங்கே சொகமா நிக்குது. அப்போ முள்ளை எதுக்குக் கொல்லையிலே போட்டான்?'

சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனார். மூலையில் இடுப்பளவுக்கு முள் குவிந்திருந்தது. ஜப்பான் மூக்கெல்லாம் ரத்தக் கீறலோடு, முள்ளுக்கு அடியில் முன்னங்காலால் மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்தார். அது எகிறிக்கொண்டு குரைத்தது.

குரைப்புச் சத்தத்தில் வீட்டுக்குள் பாய் சரசரத்தது.

"யாரு வந்திருக்கறது?" அம்சாவின் குரல். காய்ச்சலில் கம்மிப்போயிருந்தாலும் அதில் ஒரு பரபரப்பு. "கோலியனூர்லேர்ந்து அக்காவா? எங்க குட்டியைத் தூக்கிக்கினு வந்துட்டியா அக்கா?"

குட்டியா?

கோதண்டபாணி மெல்லக் குனிந்து முள்ளின் இடுக்கு வழியே பார்த்தார். உள்ளே ஆடும் இல்லை, ஆட்டுப் புழுக்கையும் இல்லை. ஒரு முழ நீளத்துக்கு ஈரமண் குவித்து, கையால் தடவி மெழுகியிருந்தது. அதன் தலைமாட்டில் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

மூன்று தெருவுக்குக் கேட்கும் அந்த மனிதர் மூச்சுக்கூட விடாமல், இரண்டு கையாலும் நாயின் வாயை இறுகப் பொத்தினார்.